ஜிம் மூடியிருக்கு, மாதக் கட்டணம் கட்டணுமா?

கைபேசியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வருகிறது. “மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. மறு அறிவிப்பு வரும்வரை ஜிம் இயங்காது.” சரி, மழைக்கு யார் என்ன செய்ய முடியும் என்று விட்டுவிடுகிறீர்கள். மூன்றாம் நாள் வங்கியில் இருந்து இன்னொரு செய்தி: உங்கள் மாதச் சந்தா நாளை கணக்கில் இருந்து எடுக்கப்படும். ஷட்டர் பூட்டிக் கிடக்கு, பணம் மட்டும் எதுக்குப் போகுது?

தென்காசி, குற்றாலம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் தமிழ்நாடு முழுவதும் உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டன. மறுபடி திறக்க அனுமதி கிடைத்தது ஆகஸ்ட் 10 அன்றுதான். 2021 ஏப்ரல் 26 முதல் திரும்பவும் மூட உத்தரவு வந்தது. அந்தக் காலம் முடிந்ததே என்று மூச்சு விட்டால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்காசி உட்பட நான்கு தென்மாவட்டங்களில் மழை கொட்டித் தீர்த்தது. 2024 டிசம்பரில் குற்றாலம் பேரருவியில் வெள்ளம் ஆர்ப்பரித்ததை வீடியோவில் பார்க்காதவர்கள் குறைவு. ஆக, ‘தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்ற பலகை எப்போது வேண்டுமானாலும் தொங்கலாம்.

சுருக்கமான பதில் இது: ஜிம் மூடியிருக்கும் நாட்களுக்குக் கட்டணம் தர வேண்டிய கட்டாயம், பொதுவாக, உங்களுக்கு இல்லை. ஏற்கெனவே கட்டியிருந்தால், அந்த நாட்கள் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும், நாளாகவோ, பணமாகவோ. ஆனால் இது தானாக நடக்காது. கேட்க வேண்டும், அதுவும் எழுத்தில் கேட்க வேண்டும்.

ஏன் என்பதற்கு நம்ம ஊர் உதாரணமே போதும். சாரல் சீசனில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுக்கிறீர்கள். வந்து இறங்கினால் அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை. ஐந்தருவிக்குப் போனால் அங்கேயும் தடை. ஏமாற்றம்தான். ஆனாலும் லாட்ஜ்காரரிடம் வாடகையைத் திருப்பிக் கேட்பது கடினம். அவர் தருவதாகச் சொன்னது அறை. அறை தயாராக இருக்கிறது. ஜிம் பூட்டியிருப்பது அப்படியல்ல. அங்கே நீங்கள் காசு கொடுத்த பொருளே இல்லை.

இதையே திருப்பியும் பார்க்கணும். ஜிம் காலை ஐந்தரைக்கே திறந்திருக்கிறது, ஆனால் சீசன் வியாபாரத்தில் உங்களுக்கு நேரமில்லை, அல்லது பரீட்சை, அல்லது மழையில் கிளம்ப மனசு வரவில்லை. அப்போது கட்டணம் கட்டத்தான் வேண்டும். ‘ஒரு மாதம் நிறுத்தி வையுங்க அண்ணே’ என்று கேட்கலாம். அவர் ஒப்புக்கொண்டால் அது அவருடைய நல்ல மனசு. உரிமை என்று வாதாட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 51வது பிரிவு இருக்கிறது. இரு தரப்பும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வேண்டிய ஒப்பந்தத்தில், ஒருவர் தன் பங்கைச் செய்யத் தயாராக இல்லாதபோது மற்றவர் தன் பங்கைச் செய்ய வேண்டியதில்லை என்பது அதன் சாரம். மாதா மாதம் பணம் கொடுத்துப் பயிற்சி செய்யும் ஏற்பாட்டுக்கு இந்த நியாயம் நன்றாகவே பொருந்தும். ஒப்பந்தம் அடியோடு நிறைவேற முடியாமல் போய்விட்டால், பெற்றுக்கொண்ட பயனைத் திருப்பித் தர வேண்டும் என்று 65வது பிரிவு சொல்கிறது. ஆனால் பத்து நாள் மூடினாலே ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குறுகிய மூடலுக்கு நாள் நீட்டிப்பு, நீண்ட மூடலுக்குப் பணம் திரும்ப என்று யோசித்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நமக்கு இன்னும் நெருக்கமானது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சட்டப்படி, கட்டணம் கொடுத்துச் சேவை பெறும் நீங்கள் ஒரு நுகர்வோர். குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திருப்பித் தர மறுப்பதை இந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீது தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அரசு உத்தரவாலோ வெள்ளத்தாலோ மூடியதற்காக உரிமையாளரைக் குற்றம் சொல்ல முடியாது. மூடியது தவறில்லை. மூடிய நாட்களுக்கும் சேர்த்துப் பணத்தை வைத்துக்கொண்டு, நாளும் தர மாட்டேன் பணமும் தர மாட்டேன் என்பதுதான் தவறு. புகார் எழுதும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘ஏன் மூடினீர்கள்’ என்று ஆரம்பித்தால் விவாதம் மழையைப் பற்றிப் போய்விடும்.

இந்தச் சண்டை வெளிநாட்டிலும் நடந்திருக்கிறது. 2020இல் நியூயார்க்கில் ஊரடங்கால் கூடங்களை மூடிய ஒரு பெரிய ஜிம் நிறுவனம், உறுப்பினர்களிடம் மாதக் கட்டணத்தை மட்டும் தொடர்ந்து எடுத்தது. அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் முதலில் தலையிட்டுக் கேட்டது, பிறகு அதே ஆண்டு செப்டம்பரில் வழக்கே தொடர்ந்தது.

நீங்கள் எப்படிப் பணம் கட்டுகிறீர்கள்?

மாதா மாதம் கையில் கொடுப்பவர் என்றால் கவலையே இல்லை. திறக்கும்வரை கொடுக்க வேண்டாம். மாத நடுவில் மூடினால் மீதி நாட்களை அடுத்த மாதத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆண்டுச் சந்தா கட்டியவர்கள் ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக் கட்டணம் 7,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 20 ரூபாய். 45 நாள் மூடியிருந்தால் 900 ரூபாய். அதே ஜிம்மில் தொடரப் போகிறீர்கள் என்றால் 900 ரூபாய்க்காக மல்லுக்கட்டுவதைவிட, முடிவுத் தேதியை 45 நாள் தள்ளிப் போடச் சொல்வது இருவருக்குமே வசதி. ஆனால் ‘பார்த்துக்கலாம் தம்பி’ என்பது நீட்டிப்பு ஆகாது. புதிய முடிவுத் தேதி என்ன என்று ஒரு வரி எழுத்தில் வர வேண்டும். வேலை மாற்றலாகி மதுரைக்கோ சென்னைக்கோ போகப் போகிறவருக்கு நீட்டிப்பால் பயனில்லை. அவர் பணமாகத்தான் கேட்க வேண்டும், காரணத்தையும் சொல்லி.

அதிகம் சிக்கிக்கொள்வது மூன்றாவது வகை: யுபிஐ ஆட்டோபே அல்லது கார்டு வழியாகத் தானாகப் பணம் போகும்படி அனுமதி கொடுத்தவர்கள். சேரும்போது ‘இதுல ஒரு பின் போடுங்க’ என்று சொல்லியிருப்பார்கள், போட்டிருப்போம், மறந்திருப்போம். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படிப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பைத் தள்ளிவிடாமல் படியுங்கள். உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போனால், யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் தெரியும். (பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். எப்போதோ விட்ட ஓடிடி சந்தா ஒன்று என் பட்டியலில் உட்கார்ந்திருந்தது.) ஜிம்மின் பெயரைத் தொட்டு, தற்காலிகமாக நிறுத்தலாம், அல்லது ரத்து செய்யலாம். திறந்ததும் தொடர்வீர்கள் என்றால் தற்காலிக நிறுத்தமே போதும்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். ஆட்டோபேவை நிறுத்துவது வேறு, உறுப்பினர் ஒப்பந்தத்தை முடிப்பது வேறு. நீங்கள் பேசாமல் நிறுத்திவிட்டால், ஜிம் பதிவேட்டில் அது பாக்கி என்று ஏறும். திறந்த பிறகு ‘இரண்டு மாதம் நிலுவை’ என்று கேட்பார்கள். அதனால் நிறுத்துவதற்கு முன்போ, நிறுத்திய அன்றோ, ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். இப்படி எழுதலாம்:

“வணக்கம். என் உறுப்பினர் எண் ____. ஜிம் ____ தேதி முதல் மூடியுள்ளது. திறக்கும்வரை மாதக் கட்டணத்தை நிறுத்தி வைக்கிறேன். திறந்த தேதி முதல் தொடர்ந்து செலுத்துகிறேன். மூடிய நாட்களை என் பெயரில் நிலுவையாகக் கணக்கிட வேண்டாம். ஏற்கெனவே செலுத்திய கட்டணத்தில் மீதமுள்ள நாட்களைச் சேர்த்து, புதிய முடிவுத் தேதியைத் தெரிவிக்கவும்.”

அழைத்துப் பேசினாலும் பரவாயில்லை, பேசி முடித்ததும் இதை அனுப்பிவிடுங்கள். பதில் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சேரும்போது கையெழுத்துப் போட்ட படிவத்தையும் தேடி எடுங்கள். ‘கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று சிறிய எழுத்தில் இருக்கலாம். அதைப் பார்த்ததும் பின்வாங்க வேண்டாம். நீங்கள் மனசு மாறி விலகினால் அந்த வரி அவருக்கு உதவலாம். அவர் சேவையே தராத நாட்களுக்கு அந்த ஒற்றை வரி கவசம் ஆகிவிடாது.

நான் கல்லூரியில் படித்தபோது ஒரு ஜிம்மில் ஆறு மாதத்துக்குப் பணம் கட்டினேன். இடம் மாற்றுகிறோம் என்று மூடினார்கள். நான்கு வாரம் கழித்துப் புது இடத்துக்குப் போனால், ‘ரசீது இருக்கா?’ என்றார்கள். கையில் ரொக்கம் கொடுத்து, நோட்டுப் புத்தகத்தில் பேர் எழுதியதோடு சரி. அந்த நோட்டு இடமாற்றத்தில் காணோமாம். போனது போனதுதான். அன்றில் இருந்து டீக்கடை தவிர எல்லா இடத்திலும் ரசீது கேட்கிறேன். இப்போது கேட்க இன்னொரு காரணமும் உண்டு: ஜிம் சேவைக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விகிதத்திலேயே பில் போட்டிருந்தால் கேளுங்கள்.

உரிமையாளர் பக்கம்

தென்காசி மாதிரி ஊரில் பல ஜிம்கள் பெரிய நிறுவனத்தின் கிளைகள் அல்ல. கடன் வாங்கி மெஷின் இறக்கி, வாடகை மாடியில் ஒருவர் நடத்துவது. மூடிய மாதத்திலும் வாடகை உண்டு, தவணை உண்டு, பயிற்சியாளருக்குச் சம்பளம் உண்டு. எல்லோரும் ஒரே நாளில் பணத்தைத் திருப்பிக் கேட்டால், திறக்க வேண்டிய ஜிம் திறக்காமலே போகலாம். அப்படிப் போனால் உங்களுக்கும்தான் நட்டம்.

அதனால் சிலர் மூடிய காலத்திலும் மனமுவந்து பணம் கொடுக்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் எந்தக் கணக்கில் கொடுக்கிறோம் என்று சொல்லிக் கொடுங்கள். ‘அண்ணே, இது திறந்த பிறகு வரும் மாதத்துக்கு அட்வான்ஸ்’ என்றால் ரசீதிலும் அப்படியே எழுதி வாங்குங்கள். உதவியாகவே கொடுக்கிறீர்கள் என்றால் அதுவும் உங்கள் விருப்பம். பிறகு அதைத் திருப்பிக் கேட்கக்கூடாது. மூடியதற்குப் பதிலாக ஆன்லைன் வகுப்பு நடத்துகிறோம் என்று சொன்னால், வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் வீடியோ லிங்க் அனுப்பிவிட்டு முழுக் கட்டணத்தை எடுப்பது சரியல்ல.

உரிமையாளர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: மூடும் அன்றே, திறக்கும் உத்தேசத் தேதி, நாட்களை எப்படிச் சேர்ப்போம், ஆட்டோபே நிறுத்தப்படுமா என்ற மூன்றையும் குழுவில் போட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

பேசியும் தீரவில்லை என்றால்

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அவர்கள் ஜிம் தரப்பைத் தொடர்புகொண்டு தீர்க்க முயல்வார்கள். இது வழக்கு அல்ல, சமரச முயற்சி. உமாங் செயலி வழியாகவும் இதே உதவி மையத்தில் புகார் பதியலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். கொடுக்கலாம். ஆனால் பணத்தைத் திருப்பித் தர ஆணையிடும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத்தான் உண்டு.

அந்த ஆணையத்தில், நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி என்ற இணையதளத்தில் வீட்டில் இருந்தே புகாரையும் ஆவணங்களையும் ஏற்றலாம். ஜிம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ புகார் கொடுக்கலாம் என்பது 2019 சட்டத்தில் கிடைத்த பெரிய வசதி. கோவையில் படித்தபோது கட்டிய சந்தாவுக்குத் தென்காசியில் இருந்தே கேட்கலாம்.

பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். ரசீது, படிவம், வங்கிக் குறுஞ்செய்தி, மூடிய அறிவிப்பு, நீங்கள் அனுப்பிய செய்தி ஆகியவற்றை இப்போதே கைபேசியில் ஒரு தனிக் கோப்பில் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இருந்து உங்களை நீக்கிவிட்டால் பிறகு தேடுவது சிரமம்.