அறிவையும் படியால் அளப்பதோ?

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. வீணாகப் போவதாயினும், போவது எவ்வளவு என்று தெரிந்து போகட்டும் என்பது அதன் கருத்து. மாத்தளை மாவட்டத்திலே, நெல்வயலும் மிளகுக் கொடியும் சூழ்ந்த பல்லேபொலவில் வாழும் நமக்கு அளவை என்பது புதிய பொருளன்று. அரிசியைச் சுண்டால் அளக்கிறோம். மிளகைத் தராசில் நிறுக்கிறோம். மின்சாரத்தை அளக்கச் சுவரிலே மீற்றர் இருக்கிறது. அளந்து வாங்குவதையும் அளந்து செலவிடுவதையும் குடும்பத் தலைவியர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

ஆனால் அண்மைக் காலத்தில் நம் வீடுகளுக்குள் புதியதோர் அளவை புகுந்திருக்கிறது. அதன் பெயர் 'ஜீபீ'. அதைக் கண்ணாற் காண முடியாது. கையால் தூக்கிப் பார்க்க முடியாது. கடையிலே காசைக் கொடுத்து 'ரீலோட்' செய்கிறோம். சில நாளில் முடிந்துவிட்டது என்று கைத்தொலைபேசி சொல்லுகிறது. எப்படி முடிந்தது, யார் முடித்தார் என்று கேட்டால் வீட்டிலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். இந்த அளவை நியாயமானதுதானா என்பதை நேயர்களுடன் சேர்ந்து சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகின்றோம்.

நள்ளிரவுப் பாடம்

நம்மை இவ்வாறு எண்ண வைத்தவள் ஒரு மாணவி. பெருந்தொற்றின் காரணமாக 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவை திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தன. 2021 இல் நாம் சாதாரண தர வகுப்புக்கு 'ஸூம்' வழியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அந்த மாணவி வகுப்புத் தொடங்கும்போது வருவாள். பத்து நிமிடத்தில் மறைந்துவிடுவாள். தப்பித் தவறி நீடித்து நின்ற நாளிலும், கேள்வி கேட்டால் தூக்கக் கலக்கத்தோடு விடை வரும். கெட்டிக்காரப் பிள்ளை சோம்பேறியாகிவிட்டாளே என்று எண்ணினோம். ஒருநாள் மற்றவர் கேட்கக் கடிந்தும் பேசினோம்.

சில வாரங்கள் கழித்து அவளுடைய தாயாரை மாத்தளைச் சந்தையிலே சந்தித்தோம். வாசனைத் திரவியத் தோட்டமொன்றிலே நாட்கூலிக்கு வேலை செய்பவர் அவர். தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"சேர், பகல் டேட்டா முடிஞ்சா ரீலோட் போடக் கையில காசு இல்ல. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிறகு கிடைக்கிற டேட்டாவிலதான் பிள்ளை பாடத்தையெல்லாம் இறக்கிப் படிக்குது. வகுப்பில தூங்கினா ஏசாதீங்க சேர்."

நாம் வெட்கித் தலை குனிந்தோம். நம் நாட்டில் விற்கப்படும் பல பொதிகளில், எந்நேரமும் பயன்படுத்தத்தக்க அளவு ஒரு பங்கு. நள்ளிரவிலிருந்து விடியும்வரை மட்டும் பயன்படுத்தத்தக்க அளவு மற்றொரு பங்கு. 'இத்தனை ஜீபீ' என்று பெரிய எழுத்திலே விளம்பரப்படுத்தப்படுவதில் நல்ல பகுதி ஊர் உறங்கும் நேரத்திற்குரியது. வளரும் பிள்ளை ஒருத்தி கோழி கூவும் மட்டும் விழித்திருந்து கணிதம் பயில நேர்ந்தமைக்குக் காரணம் அவளுடைய சோம்பலன்று, அந்தப் பங்கீடேயாம்.

அவளாவது வீட்டுக்குள் இருந்தாள். அதே ஆண்டில் ஊவாப் பக்கத்துப் போஹிட்டியாவ என்னும் சிற்றூரின் பிள்ளைகளும் ஆசிரியர்களும், அலைவரிசை கிட்டும் பாறையுச்சியைத் தேடிக் காட்டு வழியே ஏறிச் சென்ற காட்சி உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வெளிவந்தது. ஓரிடத்தில் கோபுரம் இல்லை; இன்னோரிடத்தில் கோபுரம் உண்டு, காசு இல்லை. இரண்டின் முடிவும் ஒன்றே.

அரிசிப் பானையும் பஸ் ஆசனமும்

'அரிசிக்குக் காசு கொடுக்கிறோமே, இணையத்திற்கு அளவுப்படி காசு கேட்டால் என்ன தவறு?' என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு.

ஒரு சுண்டு அரிசியை நாம் உண்டால் உலகில் ஒரு சுண்டு அரிசி குறைகிறது. இணையம் அப்படிப்பட்டதன்று. அது மாத்தளைக்குப் போகும் பஸ்ஸைப் போன்றது. சாரதிக்குச் சம்பளமும், வண்டிக்கு விலையும் பெரும்பாலும் முன்னரே தீர்ந்த செலவுகள். ஆசனம் நிறைந்தாலும் வெறுமையாகக் கிடந்தாலும் பஸ் ஓடியே தீரும். இன்று வெறுமையாகச் சென்ற ஆசனத்தை நாளைக்குச் சேமித்து வைக்க முடியாது. கடலடிக் கம்பியும், கோபுரமும், இயந்திரமுமே இணையக் கம்பனிகளின் பெருஞ்செலவு. கூட்டம் மிகும் மாலை வேளையில் நெரிசல் உண்டு, நள்ளிரவில் இல்லை. இரவுப் பங்கை மலிவாகத் தருவதன் இரகசியம் இதுவே.

இன்னுமொன்று. அரிசியைப் போல விற்பதாயின், அரிசியைப் போலவே நடக்க வேண்டுமன்றோ? மாத முடிவில் பானையில் மிஞ்சிய அரிசியைக் கடைக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போவதில்லை. நாம் ஒரு மாதம் வாங்கிய பொதி, தொலைபேசி தானாகவே எதையெதையோ புதுப்பித்துக் கொண்டமையால், பதினெட்டாம் நாளே தீர்ந்து போயிற்று. மறுமாதம் அஞ்சி அஞ்சிச் செலவிட்டோம். நாலில் ஒரு பங்கு மிஞ்சியது. முப்பதாம் நாள் நள்ளிரவில் அந்த மிச்சம் மறைந்தது. கம்பனியை அழைத்துக் கேட்டபோது, "நிபந்தனையில் இருக்கிறது ஐயா" என்று மிக மரியாதையாக விடை கூறினர். விற்கும்போது அரிசி, மிஞ்சும்போது பஸ் ஆசனம்! இரண்டு நியாயங்களையும் ஒருவரே வைத்துக்கொள்வது எவ்வாறு பொருந்தும்?

பிறநாட்டார் செய்தவை

இந்தக் கேள்வியை முதலிற் கேட்டவர்கள் நாமல்லர். இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக வந்த காலத்தில், பல நாடுகளில் நிமிடக் கணக்கிலே காசு ஏறிற்று. ஸ்பெயின் நாட்டிலே உள்ளூர் அழைப்பின் கட்டணம் உயர்த்தப்பட்டபோது, அந்நாட்டு இணையப் பாவனையாளர் 1998 செப்டெம்பர் 3 ஆம் நாள் முழுவதும் இணைப்பை எடுக்காமல் வேலைநிறுத்தஞ் செய்தனர். கல் எறியவில்லை, கடை அடைக்கவில்லை, ஒருநாள் வாங்காமல் இருந்தனர், அவ்வளவே. 1999 ஜூன் 6 இல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இத்தகைய புறக்கணிப்பு நடைபெற்றது. 2000 ஆம் ஆண்டில் ஸ்பானிய அரசாங்கமே சட்டத்தின் மூலம் மாதாந்த ஒரே கட்டண முறைக்கு வழிசெய்தது.

ஹங்கேரி நாட்டின் கதை இன்னுங் குறுகியது. 2014 ஒக்டோபரில், ஒரு ஜீபீக்கு 150 போரின்ட் வரி விதிக்க அரசாங்கம் எண்ணியது. மக்கள் புடாபெஸ்ட் நகர வீதிகளிலே திரண்டு, கைத்தொலைபேசி வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்து நின்றனர். அம்மாதம் 31 ஆம் நாள் பிரதமர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

நமக்கு மிகப் பொருந்தும் பாடம் தென்னாபிரிக்காவினுடையது. 2016 இல் 'தரவு விலை வீழ வேண்டும்' என்னும் முழக்கம் அங்கே எழுந்தது. அந்நாட்டுப் போட்டி ஆணைக்குழு விசாரணை நடத்தி, 2019 டிசம்பரில் இறுதி அறிக்கையை வெளியிட்டது. சிறு பொதி வாங்கும் ஏழை, பெரும் பொதி வாங்கும் செல்வரைவிட ஒவ்வோர் அலகிற்கும் கூடுதலான விலை கொடுக்கிறார் என்பதே அதன் முக்கியமான முடிவு. அதன் பயனாக, பெரிய கம்பனியொன்று முப்பது நாளுக்குரிய ஒரு ஜீபீயின் விலையை 2020 ஏப்ரல் முதல் 149 ராண்டிலிருந்து 99 ராண்டாகக் குறைத்தது. 2019 மார்ச் முதலே, மிஞ்சிய தரவை அடுத்த காலத்திற்கு எடுத்துச் செல்லவும் பிறருக்குக் கொடுக்கவும் இடமளிக்கும் விதியும் அங்கே நடைமுறைக்கு வந்திருந்தது. நம் கணக்கிலிருந்து நள்ளிரவில் மறைகிற மிச்சம், அங்கே உரியவரின் கையிலேயே இருக்கிறது.

இந்தியாவில் வேறொரு வகைச் சிக்கல் வந்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தருகிறோம் என்றனர். இலவசம் என்றால் இனிக்கத்தானே செய்யும்? ஆயினும், எந்தக் கதவைத் திறப்பது என்று விற்பவர் தீர்மானித்தால் வீடு யாருடையது என்று அந்நாட்டவர் கேட்டனர். 2015 ஏப்ரலில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் ஒழுங்குபடுத்தும் அமைப்பை நோக்கிப் பறந்தன. 2016 பெப்ரவரி 8 இல், உள்ளடக்கத்தைப் பார்த்து வெவ்வேறு விலை விதிப்பது தடைசெய்யப்பட்டது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுதல் நேர்மை. அமெரிக்காவிலே 'ஏஓஎல்' என்னும் நிறுவனம் 1996 டிசம்பர் முதல், மாதம் 19.95 டொலருக்கு எவ்வளவு நேரமும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. மக்கள் முண்டியடித்தனர், இணைப்புக் கிடைக்காது திண்டாடினர், ஈற்றிலே கம்பனி பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. ஆசனமில்லாத பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றுவதாக வாக்களிப்பதும் வஞ்சனையே. எல்லையில்லாமை நமக்கு வேண்டியதன்று; நியாயமான எல்லையே வேண்டியது.

நம் நாட்டில் நேர்ந்தவை

நம் நாட்டிலும் அசைவு இல்லாமல் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 'லேர்ன்' என்னும் கல்வி வலையமைப்பின் வழியாகப் பல்கலைக்கழக மாணவர் தரவுக் கட்டணமின்றி விரிவுரை கேட்க வசதி செய்யப்பட்டது. மனம் இருந்தால் மீற்றரை நிறுத்தலாம் என்பதற்கு இதுவே சான்று. பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்வித் தளம் ஒன்று இலவசமாயிற்று. ஆனால் ஆசிரியர் நேரே நடத்திய வகுப்புக்கு மீற்றர் ஓடிக்கொண்டேயிருந்தது. 2021 இல் எல்லையற்ற பொதிகள் வேண்டும் என்று இளைஞர் குரல் எழுப்பினர். அத்தகைய பொதிகள் சிலவும் சந்தைக்கு வந்தன. அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி வந்துற்றது. 2022 செப்டெம்பரில் கட்டணங்கள் 20 வீதம் உயர்ந்தன. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. கம்பனிகளுக்கும் எரிபொருளும் அந்நியச் செலாவணியும் பெருந்துன்பமாயின என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுமை இறுதியில் யாருடைய முந்தானை முடிச்சிலே வந்து விழுந்தது என்பதையும் மறத்தலாகாது.

நாம் கேட்க வேண்டியவை

மின்சாரக் கட்டணம் மாறுமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கிறது. நகரங்களிலே அமர்வு நடத்துகிறது. அதே முறையில் தரவுக் கட்டணத்திற்கும் நம்மைக் கேட்க வேண்டும் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை வேண்டுதல் நம் உரிமை. இரண்டாவது, மிஞ்சியதை அடுத்த மாதத்திற்கு எடுத்துச் செல்லும் வழி. மூன்றாவது, ஒவ்வொரு பொதியிலும் ஒரு ஜீபீயின் விலை தெளிவாகக் குறிக்கப்படல். அப்போதுதான் சிறு பொதிக்காரர் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறார் என்பது எல்லோருக்கும் விளங்கும். நான்காவது, படிக்கும் பிள்ளைக்குப் பகலிலே பயன்படத்தக்க ஓர் அளவு. அது இன்ன தளத்திற்கு மட்டும் என்று கட்டுப்படாததாக இருத்தல் வேண்டும்.

கேட்பதோடு நில்லாமல் செய்யத்தக்கதும் உண்டு. முன்னாளில் 'நெனசல' நிலையங்கள் கிராமங்களிலே திறக்கப்பட்டு, 2014 இல் உலகப் பரிசொன்றும் பெற்றன. வீட்டுக்கு வீடு வாங்க இயலாததை ஊர் சேர்ந்து வைத்துக்கொள்ளும் நெறி அது. பாடசாலையிலும் நூல்நிலையத்திலும் மாலை வேளையில் ஓர் அறை திறந்திருக்குமாயின், எத்தனை பிள்ளைகள் நள்ளிரவுக்குக் காத்திராமல் உறங்கச் செல்வர்!

வீட்டிலே நாமும் அளவறிதல் நன்று. படங்கள் தாமாக ஓடாதவாறு நிறுத்தி வையுங்கள், மிச்சம் எவ்வளவு என்று வாரமொரு முறை பாருங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தனியொருவர் முறையிட்டால் அது முணுமுணுப்பு. பத்துக் குடும்பங்கள் கணக்கைக் காட்டி ஒப்பமிட்டு அனுப்பினால் அது விண்ணப்பம். நம் அயலவரான சிங்கள, முஸ்லிம் குடும்பங்களுக்கும் குறை இதுவேயாகையால், மூன்று மொழியிலும் எழுதினால் வலிமை இன்னும் கூடும்.

அந்த மாணவி சாதாரண தரப் பரீட்சையிலே முதல் முறை கணிதத்தில் தவறினாள். மறுமுறை எழுதித் தேறினாள். இழந்தது ஓர் ஆண்டு. கம்பனியின் கணக்கேட்டிலே அவளுடைய சில ஜீபீக்கள் பதிந்திருக்கும். அந்த ஆண்டு எந்தக் கணக்கேட்டிலும் இல்லை. வகுப்பிலே அவளைக் கடிந்து பேசிய நாம், பின்பொருநாள் அதே வகுப்பின் முன்னிலையில் வருத்தம் தெரிவித்தோம். "பரவாயில்ல சேர்" என்று சிரித்துக்கொண்டாள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்துதான் போட வேண்டும். அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் அளக்கின்ற படி யாருடைய கையில் இருக்கிறது, அதன் அடி ஒடுங்கியிருக்கிறதா என்று பார்க்கும் உரிமை வாங்குகிறவர்க்கும் உண்டன்றோ?