எல்லைச் சட்டமும் எல்லையூரும்



செம்பூரில் வாழும் தமிழர்களுக்குச் 'செம்பூர் காம்ப்' என்ற பெயர் புதிதன்று. காய்கறி வாங்கவும், துணி எடுக்கவும் நாம் அப்பக்கம் சென்று வருகிறோம். ஆனால் அப்பெயர் எப்படி வந்தது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1947-ஆம் ஆண்டு நாடு பிரிவினையுற்றபோது, வீடு வாசலை விட்டு வந்த சிந்தி, பஞ்சாபி மக்களை அங்கே முகாமிட்டுக் குடியேற்றினார்கள். பன்னூறு மைலுக்கு அப்பால் வரையப்பட்ட கோடு, செம்பூரில் ஒரு பேட்டையை உண்டாக்கிவிட்டது. எல்லையைப் பற்றிய சட்டம் தலைநகரில் பிறக்கிறது. அதன் சுமையை ஏற்பதோ ஏதேனும் ஓர் ஊர். இவ்வுண்மையை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஐரோப்பாவில் புதியதொரு நடைமுறை 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. ஷெங்கன் உடன்பாட்டில் சேர்ந்த நாடுகளும் அவற்றோடு இணைந்தவையுமாக 29 நாடுகள், வெளிநாட்டாரின் கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் வழக்கத்தைக் கைவிட்டு, அவர்களுடைய முகத்தின் படத்தையும் விரல் ரேகையையும் கணினியில் பதிவு செய்ய முற்பட்டன. படிப்படியாக விரித்து, 2026 ஏப்ரல் 10-க்குள் முழுமையாக்குவது என்பது திட்டம். எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்ற பழைய விதி மாறவில்லை. அதைக் கணக்கிடும் முறைதான் மாறியது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் ரேகை எடுப்பதில்லை. இதற்குக் கட்டணமும் இல்லை.

ஒருவருக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக ஆனால் என்ன என்று தோன்றலாம். இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். பின்னே சுண்ணாம்புப் பாறை, முன்னே கடல், நடுவே சிறிது நிலம். அங்கிருந்து கப்பலேறிப் பிரான்சுக்குச் செல்வோரைச் சோதிக்கும் பிரெஞ்சு அதிகாரிகள், 2003-ஆம் ஆண்டின் ஓர் உடன்படிக்கைப்படி, டோவரிலேயே அமர்ந்திருக்கிறார்கள். எனவே வரிசை நீண்டால் அது இங்கிலாந்தின் சாலையில்தான் நீளும்.

ஆகவேதான் கெண்ட் மாவட்ட மன்றமும், காவல்துறையும், மருத்துவப் பணியினரும் கூடி முன்னேற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. நெரிசல் மிகும்போது எம்-20 என்னும் நெடுஞ்சாலையில் கடல்நோக்கிச் செல்லும் பாதையில் சரக்கு லாரிகளை வரிசையாக நிறுத்தி, மற்ற வண்டிகளை எதிர்ப்பாதையில் இருபுறமும் விடும் திட்டம் ஒன்று அவர்களிடம் உண்டு. பேருந்துப் பயணிகளை மேற்குத் துறைகளில் இறக்கிப் பதிவு செய்து, பிறகு கப்பலுக்கு அனுப்பவும் ஏற்பாடாயிற்று. இவ்வளவும் எதற்காக? லாரிக்காரருக்குக் குடிநீரும் கழிப்பிடமும் வேண்டும். உள்ளூர்ப் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். நோயாளியை ஏற்றிய வண்டிக்கு வழி வேண்டும். இவற்றைச் சட்டம் இயற்றியவர் கவனிப்பதில்லை. ஊரார்தாம் கவனித்தாக வேண்டும்.

பிறநாட்டு அதிகாரி நம் மண்ணில் அமர்ந்து சோதிப்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. இராமேசுவரம் செல்லும் ரயிலில் 'மண்டபம் காம்ப்' என்றொரு நிலையத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலிமக்களைச் சோதிப்பதற்காக இலங்கை அரசு இந்திய மண்ணிலே நடத்திய முகாமின் பெயர் அது. காலரா, அம்மை முதலிய நோய்களுக்கு அஞ்சி, அம்மக்களைச் சில நாள் அங்கே தங்கவைத்துப் பார்த்த பின்னரே கப்பலேற்றினார்கள். தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆளின் மானத்தைப் பற்றிக் கவலை இல்லை.

பின்னர் வாயில் மறுபக்கமாகத் திரும்பியது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. ஒரே குடும்பத்தில் ஒருவர் இந்தியக் குடியாகவும், மற்றொருவர் இலங்கைக் குடியாகவும் பிரிந்ததும் உண்டு. தாயகம் திரும்பியோர் பலருக்கு முதலில் நிழல் தந்ததும் அதே மண்டபம் முகாம்தான். அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது; துறை மாறியது; முகாம் மட்டும் மாறவில்லை. பிற்காலத்தில் அகதிகளாக வந்த ஈழத் தமிழரும் அங்கே தங்கினர்.

அண்மைக் காலத்தில் நாகப்பட்டினம் அப்பொறுப்பை ஏற்றது. 2023 அக்டோபர் 14 அன்று அங்கிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியாபாணி' என்ற பயணிக் கப்பல் புறப்பட்டது. அதற்கு முன்னர்ச் சுங்கச் சோதனைக்கும், குடிவரவுச் சோதனைக்கும், பயணிகள் அமர்வதற்கும் துறைமுகத்தில் இடம் ஒழுங்கு செய்யவேண்டியிருந்தது. பருவமழையை முன்னிட்டுச் சில நாளிலேயே நின்ற அப்போக்குவரத்து, 2024 ஆகஸ்டு 16 அன்று 'சிவகங்கை' என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கிற்று.

என் தொழில் மொழிபெயர்ப்பு. 'குடிவரவுச் சோதனை' என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன். அவ்விரண்டு சொல்லுக்குள்ளே, கையில் கடவுச்சீட்டும் இடுப்பில் பேரக்குழந்தையுமாக நிற்கும் ஒரு மூதாட்டியின் கால்வலி அடங்கியிருக்கிறது. அவர் படிக்கக்கூடிய மொழியில் ஓர் அறிவிப்புப் பலகையேனும் எதிரே இருந்தால், பாதி அச்சம் நீங்கும். எனவே எல்லையூர் செய்யவேண்டிய ஏற்பாடுகளில் நிழல், நீர், கழிப்பிடம் ஆகியவற்றோடு மொழியையும் நான்காவதாகச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மகன் மகளைக் காண இலண்டன் சென்று, அங்கிருந்து பேருந்தில் பாரிஸ் பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். ஷெங்கன் விசாவுக்காக முன்பே விரல் ரேகை கொடுத்தவர்களிடம், புதிய முறைக்கெனப் பதிவு செய்வது முகத்தின் படம் மட்டுமே. ஆகையால் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் மருந்தையும், சிறிது உணவையும், தண்ணீரையும் பெட்டியில் பூட்டிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எவ்வளவு நீளம் என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லாது.

நாம் தமிழகத்திலிருந்து பம்பாய்க்கு வந்தபோது யாரும் சீட்டுக் கேட்கவில்லை. ரயில் டிக்கெட்டே போதுமானதாக இருந்தது. அவ்வாய்ப்பு இல்லாதவர்கள் நின்ற வரிசைகளை, அடுத்தமுறை செம்பூர் காம்ப் வழியே நடக்கும்போது சற்றே நினைத்துக்கொள்வோம்.