சிறைவாசல் திறந்த பின்

1908-ம் வருஷம் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை கைதானபோது திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொதித்தெழுந்தன, கடைகள் அடைபட்டன, தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். 1912-ம் வருஷக் கடைசியில் கண்ணனூர் ஜெயிலிலிருந்து அவர் விடுதலையாகி வந்தபோதோ, எதிர்கொண்டழைக்க ஜனத்திரள் கூடவில்லை. கப்பற் கம்பெனி அழிந்துபோயிருந்தது. வக்கீல் ஸன்னது பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்தும் வேறு சிறு தொழில்கள் செய்தும் குடும்பத்தைக் காக்க அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. தென்னாப்பிரிக்கத் தமிழர் தமக்கென்று திரட்டிய பணத்தைக் காந்தியடிகளிடமிருந்து பெறுவதற்கு 1915, 1916-ம் வருஷங்களில் கடிதத்தின் மேல் கடிதம் எழுத வேண்டிய நிலையில் அவர் இருந்தார்.

பல வருஷங்கள் கழித்தே ஸன்னது திரும்பக் கிடைத்தது. கிடைக்கச் செய்தவர் யார்? 1908-ல் அவர்மீதான வழக்கை விசாரித்துச் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிய அதே வாலஸ் துரை! பிள்ளையவர்கள் நன்றி மறவாது தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். பிழைப்புக்கு வழி திறந்தது அன்னிய நீதிபதியேயன்றி, அவர் யாருக்காகச் செக்கிழுத்தாரோ அந்த ஜனங்கள் அல்லர்.

தேசத்துக்காகச் சிறை சென்றவருக்கே இக்கதியென்றால், பசிக்குத் திருடியவனும் ஆத்திரத்தில் கைநீட்டியவனும் என்ன எதிர்பார்க்க முடியும்? வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. அக்கம்பக்கத்தில் எங்கே பூட்டு உடைந்தாலும் முதலில் அவன் வீட்டுக் கதவுதான் தட்டப்படுகிறது. ‘கேடி’ என்ற சொல் போலீஸ் ஜாபிதாவில் இருந்த இரண்டு ஆங்கில எழுத்துக்களேயாம். அதை நாம் வசைச்சொல்லாகவே நம் பாஷையில் குடியேற்றிவிட்டோம். இந்நாட்டுச் சிறைகளில் இருப்போரில் சுமார் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள் என்பதையும் நேயர்கள் நினைக்க வேண்டும். குற்றமற்றவன் என்று கோர்ட்டார் விடுவித்தவனையும் ‘உள்ளே இருந்தவன்’ என்றுதானே ஊர் சொல்லுகிறது!

ஜெயிலுக்குள் தொழில் கற்பிக்கவில்லை என்று சொல்லமாட்டோம். நெசவு, அச்சு, ரொட்டி சுடுதல் எல்லாம் உண்டு. புழல், வேலூர் முதலிய இடங்களில் கைதிகளே பெட்ரோல் பங்குகளை நடத்தி வருகின்றனர். அங்கே நம்மிடம் காசு வாங்கிச் சில்லறை எண்ணிக் கொடுக்கும் அதே கையை, தண்டனை முடிந்து வெளியே வந்ததும் நம்ப எத்தனை முதலாளிகள் முன்வருகின்றனர்? விடுதலையானோர்க்கு உதவும் சங்கம் சென்னையில் நெடுநாளாக இருக்கிறது; சிறு தொழில் தொடங்கப் பணஉதவியும் அளிக்கிறது. ஆனால் உதவிபெற்றுத் திறந்த கடைக்கு வாடிக்கைக்காரர் வரவேண்டாமா?

சட்டத்தின் நிலைமையையும் கூறுவோம். பிரிட்டனில் 1974-ம் வருஷச் சட்டப்படி, தண்டனைக்குப் பின் குறித்த காலம் ஒருவன் ஒழுங்காக வாழ்ந்தால், பழைய குற்றத்தைப் பெரும்பாலான வேலைகளுக்கு அவன் வெளியிட வேண்டியதில்லை. கடுங்குற்றங்களுக்கும் சிலவகை உத்தியோகங்களுக்கும் விலக்குண்டு. நம் நாட்டில் இத்தகைய பாதுகாப்பு, 1958-ம் வருஷச் சட்டப்படி நன்னடத்தையின்மேல் விடப்பட்டவர்களுக்கும், 2015-ம் வருஷச் சட்டப்படி சிறார்க்குமே உரியது. ஜெயிலில் தண்டனையை முற்றும் அனுபவித்துத் தீர்த்தவனுக்கு அதுபோன்ற பொதுச் சட்டம் இல்லை. அதை இயற்றும்படி பார்லிமெண்டு அங்கத்தினர்களை வற்புறுத்துகிறோம். பூட்டுடைத்தவனைப் பொக்கிஷக் காவலுக்கு வையுங்கள் என்பதல்ல நமது வாதம். அவன் தறி நெய்வதற்குக்கூடப் பழைய தீர்ப்பு குறுக்கே நிற்கலாகாது என்கிறோம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. தீர்ப்பு நாளோடு கட்சிக்காரனை மறந்துவிடும் நம் வக்கீல் கூட்டத்தார், ஜில்லாதோறும் வேலைதர இசையும் வியாபாரிகளின் பெயர்களைத் திரட்டலாம். விடுதலையாகப் போகிறவர்களில் விரும்புவோரை மூன்று மாதம் முன்னரே ஜெயிலில் கண்டு பேசி, அவரவர்க்குத் தெரிந்த தொழிலில் இடம் பார்த்து வைக்கலாம். மத்தியச் சிறைகள் உள்ள வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களின் வக்கீல் சங்கங்கள் இதனை முதலில் தொடங்குமா?