ஹிக்கின்பாதம்: ஓர் ஆங்கிலக் குடும்பப்பெயரின் சொற்பிறப்பு

முன்னுரை

சென்னை அண்ணா சாலையில் 1904ஆம் ஆண்டு எழுப்பப்பெற்ற கட்டடத்தில் இயங்கிவரும் ஹிக்கின்பாதம்ஸ் புத்தக நிலையம் 1844இல் தொடங்கப்பெற்றது. அந்நிலையத்தின் பெயரைத் தமிழ் நூல் பயில்வோர் பலரும் அறிவர். அதன் நிறுவனர் ஏபல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் என்பாரின் குடும்பப்பெயர் எதனைக் குறித்தது என்பது தமிழில் அதிகம் ஆராயப்பெறாத வினா. இங்கிலாந்திலேயே அருகிய வழக்குடைய இப்பெயரின் சொற்பிறப்பை விளக்குவதும், அதன்வழிப் பெயராய்வு நெறி ஒன்றனை வலியுறுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஆங்கிலக் குடும்பப்பெயர் வகைகள்

இங்கிலாந்தில் வழிவழியாக வரும் குடும்பப்பெயர்கள் 1066ஆம் ஆண்டு நார்மானியர் வெற்றிக்குப் பின்னர்ப் படிப்படியாக நிலைபெற்றன. அவற்றை இடப்பெயர்வழி வந்தவை, தொழிற்பெயர்வழி வந்தவை, தந்தைபெயர்வழி வந்தவை, பண்பு பற்றிய பட்டப்பெயர்வழி வந்தவை என நான்காகப் பகுப்பர். தொல்காப்பியச் சொல்லதிகாரம் உயர்திணைப் பெயர்களுள் நிலப்பெயர், வினைப்பெயர், பண்புகொள்பெயர் ஆகியவற்றைக் கூறுதல் இங்கு ஒப்பிடத்தக்கது. நிலப்பெயருக்கு அருவாளன், சோழியன் என்பவற்றை உரைகாரர் எடுத்துக்காட்டுவர். ஹிக்கின்பாதம் என்பதும் நிலப்பெயரே. ஆயின் மேலோட்டமாக நோக்குவார்க்கு அது தந்தைபெயர்வழி வந்தது போலத் தோன்றும்.

முன்னுறுப்பு

ஹிக்கின் என்பது ரிச்சர்ட் என்னும் இயற்பெயரின் செல்லச் சுருக்கம். ரிச்சர்ட் என்பது ரிக் எனக் குறுகி, முதலெழுத்து மாறி ஹிக் ஆகி, சிறுமை விகுதி பெற்று ஹிக்கின் ஆயிற்று. ராபர்ட் என்பது ஹாப் என்றும், ரோஜர் என்பது ஹாட்ஜ் என்றும் திரிந்தமையும் இவ்வகையினவே. இதுகொண்டு, ‘ஹிக்கின் என்பானுக்குரிய நிலம்’ எனக் குடும்பப்பெயருக்குப் பொருள் கூறுவது எளிது. எனினும் அது பொருந்தாது.

இப்பெயரின் மூலம் லங்காஷயரில் போல்டன் நகரை அடுத்துள்ள ஓக்கன்பாட்டம் என்னும் இடப்பெயராகும். அதன் முன்னுறுப்பு, ஓக் மரத்தைச் சார்ந்தது எனப் பொருள்படும் ‘ஏக்கென்’ அல்லது ‘ஆக்கென்’ என்னும் பழைய ஆங்கிலப் பெயரடையாகலாம் என்பது அறிஞர் கருத்து. இடைக்காலத்தில் அவ்விடப்பெயர் ஈக்கன்பாட்டம், இக்கன்பாட்டம் எனத் திரிந்தது. அந்நிலையில் ‘இக்கன்’ என்பதன் பொருள் மக்களுக்கு விளங்காது போகவே, ரோவன் மரத்தைக் குறிக்கும் ஹிக்கன் அல்லது ஹிக்கின் என்னும் வட்டார வழக்குச் சொல்லோடு அதனை இயைத்தனர். லங்காஷயர்ப் பேச்சில் சொல்முதல் ஹகரம் ஒலியாதொழிதல் இயல்பாதலின், அவ்வழக்கம் இம்மயக்கத்திற்குத் துணைசெய்திருக்கலாம். பின்னர் அவ்வடிவம் ஹிக்கின் என்னும் ஆட்பெயரோடு ஒலியால் ஒன்றிவிட்டது.

பின்னுறுப்பு

பின்னுறுப்பு, பள்ளத்தாக்கின் அடிநிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லாகும். அது ‘பொட்ம்’, ‘பொத்ம்’ என இரு வடிவம் பெற்றிருந்தது. இன்றைய ‘பாட்டம்’ முன்னதன் வழி வந்தது; ‘போத்தம்’ பின்னதன் வழி வந்தது. கிரிக்கெட் வீரர் இயன் போத்தமின் குடும்பப்பெயரும் இச்சொல்லே. ராம்ஸ்பாட்டம், லாங்பாட்டம் முதலியனவும் இவ்வினத்தைச் சார்ந்தவை. இவற்றைக் கேட்டு இன்றைய ஆங்கிலேயர் நகைப்பதுண்டு. அந்நகைப்புக்குக் காரணமான ‘பிட்டம்’ என்னும் பொருளோ, இச்சொல்லுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வழக்கில் வந்தது. குடும்பப்பெயர்கள் நிலைபெற்றதோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னர். எனவே அப்பொருளை இப்பெயர்கள்மேல் ஏற்றுதல் கால வழு.

எழுத்து வடிவிலும் ஒரு மயக்கம் உண்டு. பெயரின் இறுதியில் காணும் ‘ஹாம்’ என்னும் எழுத்துத்தொடர், பர்மிங்ஹாம் போன்ற ஊர்ப்பெயர்களில் குடியிருப்பைக் குறிக்கும் ஈற்றை நினைவூட்டும். இப்பெயரில் அவ்வீற்றுக்கு இடமில்லை.

தமிழ் வடிவம் தரும் மயக்கம்

தமிழில் இப்பெயர் ‘பாதம்’ என முடியுமாறு எழுதப்பெறுகிறது. பாதம் என்பதற்கு அடி என்னும் பொருளும் இருத்தலின், இரண்டும் ஒருமூலச் சொற்களோ என ஐயம் எழலாம். அவ்வாறன்று. பாதம் என்பதன் மூலமாகிய வடமொழிச் சொல், காலடியைக் குறிக்கும் ஆங்கில ‘ஃபுட்’ என்பதனோடு இனமுடையது. ‘பாட்டம்’ என்பதோ, அடி, வேர் எனப் பொருள்படும் ‘புத்ந’ என்னும் வடசொல்லோடும், ஜெர்மானிய ‘போடென்’, இலத்தீன் ‘ஃபுண்டுஸ்’ என்பவற்றோடும் இனமுடையது. உத்திரட்டாதி நாண்மீனுக்குரிய தெய்வமாகிய அகிர்புத்நியனின் பெயரிலும் இவ்வேர் உள்ளது. ஆக, ஒலியால் நெருங்கிய சொல் உறவற்றதாகவும், ஒலியால் விலகிய சொல் உறவுடையதாகவும் அமைந்துள்ளன.

விளங்காத உறுப்பை விளங்கும் சொல்லாக மாற்றிக்கொள்ளுதல் மொழிகள் பலவற்றிற்கும் பொது. சென்னையில் ஹாமில்டன் பெயரால் அமைந்த பாலம் மக்கள் வாயில் ‘அம்பட்டன் வாராவதி’ ஆகி, பின்னர் ஆங்கிலத்தில் ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என மொழிபெயர்க்கப்பெற்றதாகச் சென்னை வரலாறு எழுதியோர் குறிப்பர். இப்போக்கை நாட்டார் சொற்பிறப்பு என்பர்.

முடிவுரை

ஹிக்கின்பாதம் என்பதன் முதற்பொருள் ‘ஓக் மரங்கள் நிறைந்த பள்ளத்தாக்கின் அடிநிலம்’ எனக் கொள்ளுதலே பொருத்தமுடைத்து. மரவகை மாறியதும், ஆட்பெயர் போலத் தோன்றியதும், தமிழில் பாதம் ஆனதும் பின்னர் நேர்ந்தவை. அவை சொற்பிறப்புக்குச் சான்றாகா. பெயரின் வரலாற்றுக்கே சான்றாகும். ஊர்ப்பெயராய்விலும் குடிப்பெயராய்விலும் இன்றைய வடிவத்தைப் பிரித்துப் பொருள்காணும் முறை தமிழிலும் தொடர்ந்து கையாளப்படுகிறது. கல்வெட்டிலும் ஆவணத்திலும் உள்ள முற்பட்ட வடிவம், அவ்விடத்தின் நிலவமைப்பு, கூறப்படும் பொருள் வழக்கில் வந்த காலம் ஆகிய மூன்றும் இயைந்த பின்னரே ஒரு பெயருக்குப் பொருள் துணிதல் வேண்டும்.