சேரன்மாதேவிப் பந்தி

போன மாதம் சேரன்மாதேவியில் ஒரு டீக்கடை பெஞ்சில் அண்ணன் தம்பி இருவர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுப் பெண் தானாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளையைப் பற்றிய பேச்சு. பையனுக்கு நிரந்தர வேலை இல்லை, கடனும் இருக்கிறது என்பது அண்ணன் கட்சி. தம்பியிடம் அதற்குப் பதில் இல்லை. "ஒங்களுக்கு மனசு விரியலண்ணே" என்றார். அத்தோடு வேலையும் கடனும் காணாமல் போயின. தன் மனசு எவ்வளவு பெரிசு என்று காட்ட அண்ணன் பழைய கதைகளை அவிழ்க்க ஆரம்பித்தார்.

நூறு வருஷத்துக்கு முன் இதே ஊரில் தமிழ்நாடே சேர்ந்து போட்ட சண்டையும் ஏறக்குறைய இப்படித்தான் தடம் மாறியது.

1922-இல் வ.வே.சு. ஐயர் இங்கே தமிழ்க் குருகுலம் தொடங்கினார். லண்டனில் சாவர்க்கரோடு இருந்தவர், புதுச்சேரியில் பாரதியோடு இருந்தவர். படிப்போடு கைத்தொழிலும் தேகப்பயிற்சியும் சொல்லித்தரும் தேசியப் பள்ளி என்பதால் தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர ஒப்பி, முதலில் 5,000 கொடுத்தது. அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர்.

டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' பத்திரிகையில் வெளுத்து வாங்கினார். பெரியாரும் சேர்ந்துகொண்டார். ஐயர் பக்கத்தார், இது வகுப்புத் துவேஷம் என்றார்கள். ஐயர் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறவராயிற்றே என்றார்கள். உண்மைதான், ஐயர் அப்படிப்பட்டவர்தான். ஆனால் கேட்ட கேள்வி அவர் மனசைப் பற்றியதா? பொதுப்பணத்தில் வேகிற சோற்றுக்கு எத்தனை பந்தி என்பதுதானே! நல்ல மனசைக் காட்டி அந்தக் கேள்வியை மூடப் பார்த்தார்கள். கேட்டவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன். ஆனால் போகப் போக அந்தப் பக்கமும் பந்தியை விட்டுவிட்டு, ஆட்களின் உள்நோக்கத்தை அளக்க இறங்கிவிட்டது.

காந்தி ஒரு சமரசம் சொன்னார்: இருக்கிற இருவர் அப்படியே இருக்கட்டும், இனிமேல் இந்த நிபந்தனையோடு யாரையும் சேர்க்க வேண்டாம். நாயுடு இசையவில்லை. 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டி, பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அதை ஒட்டி ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஐயர் குருகுலப் பொறுப்பை விட்டார். ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்தவர், மகளோடு போய்விட்டார். வயது 44. அதே ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் எடுபடாமல் போகவே, பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

டீக்கடை பெஞ்சில் அண்ணன் தம்பியிடம் இந்தக் கதையை நான் சொல்லி முடித்தபோது டீ ஆறியிருந்தது. தம்பிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அய்யரு எல்லார்கூடயும் சாப்பிடுதவர்னு சொல்லுதீய. அப்பம் அந்த ரெண்டு பயலுவளயும் தன் பக்கத்துல ஒக்கார வச்சிருக்கலாம்லா?"

"வாக்குக் குடுத்துட்டாருல்லாடே" என்றார் அண்ணன்.

"பொதுத்துட்ட வாங்கையில அந்த வாக்கச் சொன்னாராண்ணே?"

அண்ணன் கொஞ்ச நேரம் தம்ளரையே பார்த்தார். பிறகு கேட்டார்: "சரிடே, அந்தப் பையனுக்குக் கடன் எவ்வளவு இருக்கும்?"