கருங்கூந்தலில் வண்ணக் கற்றை

கருங்கூந்தலைக் கார்மேகத்திற்கு ஒப்பிடுதல் நம் மரபு. அக்கருமையின் இடையே செம்பழுப்பாகவோ பொன்னிறமாகவோ சில கற்றைகள் ஒளிரவேண்டும் என விரும்புதல் இக்கால வழக்கம். ‘ஹைலைட்ஸ்’ என வழங்கும் இதற்குரிய பெட்டி தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களின் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. ஆயின் அதனுள் மடித்து வைத்திருக்கும் குறிப்புத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பொடி எழுத்தில் அமைந்திருக்கும். அதைப் படிக்காமல் ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்குவோர் பலர். பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு அத்தாளின் உட்பொருளை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

முதற்கண் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். கறுப்புத் துணியை மஞ்சள் சாயத்தில் தோய்த்தால் அது மஞ்சளாவதில்லை. கருங்கூந்தலும் அத்தகையதே. அதில் வெளிர்நிறம் தோன்றவேண்டுமாயின், முன்பிருக்கும் நிறத்தை முதலில் நீக்கியாக வேண்டும். ஆகவே இது நிறம் சேர்க்கும் வேலை என்பதைவிட, நிறம் போக்கும் வேலை என்பதே பொருந்தும்.

மயிரிழையின் புறத்தே மீன்செதில்போல் அடுக்கடுக்காக அமைந்த மெல்லிய உறை உண்டு. அதனுள்ளே கெராட்டின் என்னும் புரதத்தாலான தண்டுப் பகுதியும், அதில் பொதிந்த மெலானின் என்னும் நிறப்பொருளும் உள்ளன. வெளிறச் செய்யும் கலவையிலுள்ள காரப்பொருள் செதில்களை விரியச் செய்கிறது. 1818-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெனார் கண்டறிந்த ஹைட்ரஜன் பெராக்ஸைடு உட்புகுந்து மெலானினைச் சிதைக்கிறது. அப்போது கருமை ஒரே பாய்ச்சலில் பொன்னிறம் ஆவதில்லை. செம்பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எனப் படிப்படியாகவே வெளிறும். பாதியில் நிறுத்தினால் ஆரஞ்சு நிறம் எஞ்சுவதன் காரணம் இதுவே.

பெட்டியின்மேல் ‘டெவலப்பர்’ என்றும், அதன் பக்கத்தே 10, 20, 30, 40 ‘வால்யூம்’ என்றும் எண்கள் காணப்படும். இவை பெராக்ஸைடின் வலிமையைக் குறிப்பன. 20 வால்யூம் என்றால், அக்கரைசல் சிதையும்போது தன் பருமனைப்போல் 20 மடங்கு ஆக்சிஜன் வாயுவை வெளியிடும் என்பது பொருள். 10 வால்யூம் 3 விழுக்காடும், 20 வால்யூம் 6 விழுக்காடும், 40 வால்யூம் 12 விழுக்காடும் பெராக்ஸைடு கொண்டவை. தலைமயிருக்கான பொருள்களில் 12 விழுக்காட்டிற்கு மேல் இருத்தலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. எண் பெரிதானால் வேலை விரைவில் முடியும் என்று கருதி 40-ஐ நாடுவோர் உளர். மெலானினைத் தாக்கும் அதே பொருள் கெராட்டினையும் தாக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். வீட்டில் செய்வோர் 20-க்கு மேற்போகாதிருத்தல் நலம்.

சிதைந்த இழைக்கு மருந்து இல்லை. அது உயிரற்ற பொருளாதலின் தானே ஆறுவதில்லை. புதிய மயிர் வளர்ந்தே ஈடாகவேண்டும். மயிர் மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். 30 சென்டிமீட்டர் கூந்தல் பாழானால் அது மீள இரண்டரை ஆண்டுகள் செல்லும்.

ஆதலின் இரண்டு சோதனைகள் இன்றியமையாதன. முதலாவது தோற்சோதனை. சாயங்கள் பலவற்றில் பாராபெனிலீன்டயமின் என்னும் பொருள் உண்டு. சிலருக்கு இஃது ஒவ்வாது. அரிப்பும் கொப்புளமும் முகவீக்கமும் உண்டாகும். அவ்வொவ்வாமை ஒருமுறை தோன்றின் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். எனவே தாளில் கூறியவாறு சிறிதளவைக் காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ தடவி, 48 மணி நேரம் பார்த்தல் வேண்டும். முன்னர் ஒருமுறை சாயத்தால் துன்புற்றோர் இச்சோதனையையும் செய்தலாகாது, சாயத்தையே விலக்கவேண்டும். இரண்டாவது இழைச்சோதனை. பிடரியில் மறைவான ஒரு சிறு கற்றையில் கலவையைத் தடவி, எவ்வளவு நேரத்தில் எந்நிறம் வருகிறது, இழை அறுகிறதா என அறியலாம். உலோக உப்புக் கலந்த சாயம் முன்பே பூசிய தலையில் பெராக்ஸைடு பட்டால் இழை சூடேறிச் சிதையக்கூடும். இச்சோதனை அதனையும் முன்னரே காட்டிவிடும்.

இனிச் செய்முறை. காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறை அணிந்து, பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தில் கலவையைக் குழைக்கவும். உலோகப் பாத்திரம் ஆகாது. சீப்பின் கூரிய முனையால் மெல்லிய கற்றைகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் அலுமினியத் தாள் வைத்துத் தடவவும். உச்சந்தலையின் வெப்பத்தால் வேர்ப்பகுதி விரைந்து வெளிறும். ஆகவே நடுப்பகுதியிலும் நுனியிலும் முதலில் தடவி, வேரருகே இறுதியில் தடவவேண்டும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை தாளை விலக்கிப் பார்க்கவும். தாளில் குறித்த நேரத்தைக் கடக்கலாகாது. கடுமையாக எரிந்தால் உடனே வெதுவெதுப்பான நீரால் கழுவிவிடவும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ மருத்துவமனைக்கு விரைக. அவசர உதவிக்கு நாடெங்கும் பொதுவான எண் 112. புருவத்திலும் இமையிலும் இக்கலவை படவே கூடாது. மிஞ்சிய கலவையை மூடியிட்டு வைத்தால் வாயு பெருகிக் குப்பி வெடிக்கக்கூடும், அதனைக் கொட்டிவிடுக.

வெளிறியபின் ஆரஞ்சுச் சாயல் மிகுந்தால் நீலம் கலந்த பூச்சும், மஞ்சள் மிகுந்தால் ஊதா கலந்த பூச்சும் அதனைத் தணிக்கும். பின்னர்த் தேங்காயெண்ணெய் தடவிவருதல் நன்று. அது மயிரினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கும் தன்மையது.

இத்துணைத் தொல்லை வேண்டாம் என்போர்க்கு மருதாணி உண்டு. இராஜஸ்தானின் சோஜத் நகரத்து மருதாணி 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. தூய மருதாணி கெராட்டினோடு பிணைந்து, கருங்கூந்தலுக்கு வெயிலில் மட்டும் தெரியும் செம்மையை அளிக்கும். நரையில் நன்கு சிவக்கும். ஆயின் வடபுலத்துக் கடைகளில் ‘காலி மெஹந்தி’ என விற்கப்படுவது வேறு. மருதாணி இலை கருமை தருவதில்லை. அப்பொடிகள் பலவற்றில் கருமை தருவது முன்சொன்ன பாராபெனிலீன்டயமினே. பெயரில் மெஹந்தி இருப்பதால் தீங்கற்றது என்று கொள்ளாமல், அதற்கும் தோற்சோதனை செய்தல் வேண்டும்.

பண்டிகையோ திருமணமோ வரும்போது இவ்வேலையைக் கடைசி நாளில் வைத்துக்கொள்ளற்க. ஞாயிறு காலையில் வண்ணமேற்ற எண்ணுவோர், வெள்ளி காலையிலேயே தோற்சோதனையைத் தொடங்கிவிட வேண்டும்.