ஒரே கிராப், வேறு வேறு பெட்டி

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் என் மாணவன் ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். தந்தை பட்டு நெசவாளர். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் மாலைபோலத் தொங்கின. அட்டையில் துளை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. கரையில் மயிலும் அன்னமும் தோன்றுவது இப்படித்தான்.

"இந்த அட்டையை அடுத்த வீட்டுத் தறியில் மாட்டலாமாங்க?" என்றேன்.

"பொருந்தாதுங்க சார். இது 120 கொக்கி, அது 240. கிராப் தாள் கையில் இருந்தால் அதற்குத் தக்கபடி வேறு அட்டை அடித்துக்கொள்ளலாம்."

மாணவர்களே, கணிப்பொறி மென்பொருளின் கதையும் இதுதான். மனிதர் எழுதும் மூல நிரல், கிராப் தாள். அதை இயந்திர மொழிக்கு மாற்றினால் கிடைப்பது அட்டை. கோப்பைத் திறக்கவும் திரையில் படம் காட்டவும் நிரலானது இயக்குதளத்தின் உதவியைக் கேட்க வேண்டும். கேட்கும் முறை விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் வேறொன்று. ஆகவே ஒன்றின் அட்டை மற்றொன்றில் ஓடாது. விலைக்கு விற்பவர்கள் பெரும்பாலும் அட்டையை மட்டும் தருவார்கள். கிராப் தாள் பெட்டகத்தில் இருக்கும். 1983-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம் அந்தத் தாளையே எல்லார் கையிலும் கொடுத்தது. காசில்லாமல் கிடைப்பது அதில் சின்ன விஷயம். படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பதே பெரிது.

அந்த மாணவனிடம் இருந்தது அவன் அக்காளுக்கு அரசு கொடுத்த பழைய மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய திட்டம் அது. அதில் விண்டோஸ் கெட்டுப்போய், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மட்டும் உயிரோடிருந்தது. நாங்கள் ஆய்வகத்துக்கு வாங்கிய ஓர் அளவீட்டுக் கருவியோ விண்டோஸில் மட்டுமே பேசும். வீட்டில் சோதனை செய்ய அவனுக்கு வழியில்லை.

டில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய 'எக்ஸ்ப்ஐஸ்' கருவி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கைக்கடக்கமான பெட்டி, யு.எஸ்.பி. வழியாக இணையும். அதன் மென்பொருள் பைத்தான் மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள். பைத்தான் நிரலை அந்தந்தத் தளத்திலுள்ள மொழிபெயர்ப்பான் ஓட்டிக்கொள்ளும். தளந்தோறும் புது அட்டை அடிக்க வேண்டியதில்லை.

சிக்கலே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்! இப்படிப்பட்ட கருவியை விண்டோஸ் 'காம் 3' என்பதுபோல் அழைக்கும். லினக்ஸ் 'டிடிஒய்' என்று தொடங்கும் பெயரிடும். லினக்ஸ் வாயிற்காவலனைப்போல, "உனக்கு அனுமதி உண்டா?" என்றும் கேட்கும். எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் அந்த அனுமதியிலேயே போயிற்று.

பிறகு 25 செ.மீ. நீளமுள்ள ஊசலை ஆடவிட்டோம். கல்லூரியின் விண்டோஸ் கணிப்பொறியில் அலைவு நேரம் 1.00 விநாடி. கூரத்துப் பழைய மடிக்கணினியிலும் 1.00 விநாடி.

"ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஓடுமா சார்?" என்றான். அதற்கும் செயலி உண்டு, இணைக்க ஓ.டி.ஜி. வடம் வேண்டும். அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.